காப்பாவின் புதன்கிழமை மாப்பிள்ளை

எங்கள் ரீபின்ஸ்க் ஊரில் இரண்டாம் நம்பர் டிராலிபஸ்ஸில் ஏறினால் முதலில் காதில் விழுவது மோட்டார் சத்தம் இல்லை, கபித்தோலீனா அர்ஹிப்போவ்னாவின் குரல். பாஸ்போர்ட்டில்தான் பெயர் அவ்வளவு நீளம். பயணிகளுக்கு அவள் காப்பா அத்தை, எனக்கு வெறும் காப்பா. முப்பத்தோரு வருஷமாகக் கண்டக்டர். வண்டியை ஓட்டுகிறவள் நான், ஆலெவ்தினா, அவளுக்கு ஆல்யா. பத்தொன்பது வருஷமாக அந்தக் குரலை முதுகில் சுமந்துகொண்டு ஸ்டியரிங் பிடிக்கிறேன். அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் இந்த ஊரில் கிடையாது. அடக்கமாகத்தான் சொல்கிறேன்.

அவளுக்கு அறுபத்தோரு வயது. குள்ளம், அகலம், நடையில் ஒரு அதிகாரம். டிக்கெட் எடுக்காமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவனை அவள் திட்டமாட்டாள். வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி, "இவன் மூஞ்சியை எல்லாரும் நல்லாப் பாத்து வெச்சுக்கோங்க. நாளைக்குப் பொண்ணு கேட்டு வந்தா குடுத்துடாதீங்க" என்பாள். அவன் காது சிவந்து டிக்கெட் எடுத்துவிடுவான். மீன் பிடிக்க வோல்கா ஆற்றுப் பனிக்கட்டி மேல் போய்வருகிற கிழவர்கள் ஈர பூட்ஸோடு ஏறினால், பக்கெட்டைத் திறந்து பார்த்து, "இதுக்கா விடியக்காலைல எழுந்து போனீங்க, இதைவிடப் பெருசு என் சூப்புல கிடக்கு" என்று ஒரு குத்து விட்டுத்தான் உட்கார இடம் காட்டுவாள்.

இளவயசில் கயிறு ஆலையில் வேலைக்கு என்று ஊருக்கு வந்தவள். படகு மெக்கானிக் ஸ்தெப்பானைக் கட்டினாள். மகள் ரிம்மாவுக்குப் பன்னிரண்டு வயது நடக்கும்போது அவன் போய்ச் சேர்ந்தான். அதற்கப்புறம் காப்பா யாரிடமும் கை நீட்டியதும் இல்லை, யார் தோளிலும் சாய்ந்து அழுததும் இல்லை. எல்லாம் தனக்குத் தெரியும், எல்லாம் தான் நினைத்தபடிதான் நடக்கும் என்று ஒரு நம்பிக்கை அவளுக்கு. எரிச்சலான விஷயம் என்னவென்றால், பாதிக்கு மேல் அப்படித்தான் நடக்கும்.

ரிம்மா கட்டிக்கொண்டவன் மத்வேய். வீடுகளில் கொதிகலன் ரிப்பேர் செய்கிறவன். பேச்சு ரொம்பக் குறைவு. கல்யாணமான வருஷம், தவக்காலத்துக்கு முந்தின மாஸ்லெனித்சா பண்டிகை வாரத்தில், புதன்கிழமை மாமியார் வீட்டுக்கு வந்தான். எங்கள் பக்கம் அந்தப் புதன்கிழமை மாமியார் நாள். மாமியார் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்து வெண்ணெய் சொட்டச் சொட்ட மெல்லிய தோசை மாதிரி பிளினி சுட்டுப் போடவேண்டும், அவன் போதும் என்கிற வரைக்கும். மத்வேய் போதும் என்றே சொல்லவில்லை. முப்பத்துநாலு பிளினி சாப்பிட்டான். நானும் மேசையில் இருந்தேன், என் கண்ணால் பார்த்தேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், நாலு மாசமாகச் சொட்டிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயைச் சரிசெய்துவிட்டு, "வர்றேன், கபித்தோலீனா அர்ஹிப்போவ்னா" என்று போனான். அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்கே காப்பா முடிவு பண்ணிவிட்டாள். "மகளைக் குடுத்து மகனை வாங்கிட்டேன்டி, ஆல்யா. லாபம் எனக்குத்தான்" என்றாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ரிம்மா ஒரு கப்பல்காரனோடு மூர்மான்ஸ்க் போய்விட்டாள். விவாகரத்துத் தாள் தபாலில் வந்தது. ஊரே காப்பாவின் வாயைப் பார்த்தது. அவள் வண்டியின் நடுவில் நின்று, "விவாகரத்து வாங்கினது என் மக. நான் வாங்கல. மத்வேய் எனக்கு மாப்பிள்ளைதான். யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டாள். யாருக்கும் இல்லை.

அவனும் அப்படியே நடந்துகொண்டான். இலையுதிர்காலத்தில் வந்து ஜன்னல் இடுக்குகளை அடைப்பான். தோட்டத்து உருளைக்கிழங்கைத் தோண்டி மூட்டை கட்டிக் கொண்டுவந்து இறக்குவான். காப்பாவுக்கு நிமோனியா வந்து பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தினமும் ஃபிளாஸ்க்கில் கோழி சூப். ரிம்மா புத்தாண்டுக்கு ஒரு தடவை போன் பண்ணுவாள், அதிலும் பாதி நேரம் லைன் கொரகொர என்று கேட்கும். மாஸ்லெனித்சா புதன்கிழமை வந்தால் மத்தியானம் இரண்டு மணிக்கு மத்வேய் கதவைத் தட்டுவான். ஒரு வருஷமும் தப்பவில்லை.

போன இலையுதிர்காலத்தில் அவன் மறுபடி கல்யாணம் பண்ணிக்கொண்டான். அதற்கும் காப்பாதான் காரணம். "ஒரு ஆம்பளை எத்தனை வருஷம் தனியா உக்காந்து சூப் குடிப்பான்? முகமே புளிச்சுப்போச்சு உனக்கு. போ, யாரையாவது பாரு" என்று அவனைத் துரத்திக்கொண்டே இருந்தாள். மாட்டு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற உலியானாவை அவன் பார்த்தான். நல்ல பெண், முப்பத்தெட்டு வயது, கன்றுக்குட்டிக்கு ஊசி போட்டுப் போட்டு உறுதிப்பட்ட கை. காப்பா பதிவு அலுவலகத்துக்கே போய், இறகுத் தலையணை இரண்டைப் பரிசாகக் கொடுத்துவிட்டு, எல்லாரையும்விட அதிகமாக ஆடினாள்.

பெண்டாட்டி வந்தால் கூடவே ஒரு மாமியாரும் வருவாள் என்பது மட்டும் அவள் மூளைக்கு எட்டவே இல்லை.

அது எட்டியது மாஸ்லெனித்சா திங்கட்கிழமை காலையில், தீயணைப்புக் கோபுர ஸ்டாப்பில். உலியானாவின் அம்மா நினேல் பாவ்லொவ்னா வண்டியில் ஏறினாள். முப்பத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். நானும் அவளிடம் படித்தவள்தான். இன்றைக்கும் அவளைக் கண்ணாடியில் பார்த்தால் என் உள்ளங்கை வேர்க்கிறது.

"வணக்கம், கபித்தோலீனா அர்ஹிப்போவ்னா. உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லிடலாம்னு பார்த்தேன்" என்றாள் அவள், கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற அதே குரலில். "புதன்கிழமை மத்வேயை நான் கூப்பிட்டிருக்கேன். முதல் வருஷம் பாருங்க. உங்களுக்கு ஒண்ணும் சங்கடம் இல்லையே?"

"எனக்கென்ன சங்கடம், நினேல் பாவ்லொவ்னா. நீங்க தாராளமாக் கூப்பிடுங்க" என்றாள் காப்பா, டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே. "கூப்பிடறது உங்க உரிமை. ஆனா அவன் எங்க வருவான்னு இந்த வண்டில யாரை வேணா கேட்டுப் பாருங்க."

"கேக்க வேண்டியதில்ல. அவன் வர்றேன்னு சொல்லிட்டான்."

"அவன் யாருக்கும் மாட்டேன்னு சொல்லமாட்டான். அது அவன் வியாதி. பதினெட்டு வருஷமா எனக்குத் தெரியும். உங்களுக்கு அஞ்சு மாசமாத்தானே தெரியும், பரவாயில்ல, தெரிஞ்சுக்குவீங்க."

வண்டியில் சிரிப்பு. நினேல் பாவ்லொவ்னா சிரிக்கவில்லை. "புதன்கிழமை பார்ப்போம்" என்று ஒரே வரியில் முடித்து, அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டாள். காப்பா என் பின்னால் வந்து நின்று, வண்டி முழுக்கக் கேட்கும்படி, "வருவான். முதல் பிளினி என் வீட்லதான் சாப்பிடுவான். எழுதி வெச்சுக்கோ" என்றாள். நான் கண்ணாடியில் அவளை முறைத்தேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறாளே என்று.

ஒரு ஆம்பளை ஒரு நாள் மத்தியானம் எங்கே சாப்பிட்டால் என்ன என்று கேட்கிறவர்கள் எங்கள் ஊர்க்காரர்களாக இருக்கமுடியாது. அந்தப் புதன்கிழமை யாருடைய மேசையில் மாப்பிள்ளை உட்காருகிறானோ அவள்தான் மாமியார். உட்காராவிட்டால் காப்பா அவனுக்கு யார்? தாளில் ஒன்றும் இல்லை. ரத்தத்தில் ஒன்றும் இல்லை. முன்னாள் பெண்டாட்டியின் அம்மா, அவ்வளவுதான். அந்த உறவுக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. அவளிடம் இருந்தது அந்தப் புதன்கிழமை ஒன்றுதான். அவள் வாயால் இதைச் சொல்லமாட்டாள். நான் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை கருவிப்பெட்டியோடு மத்வேய் எங்கள் வண்டியில் ஏறினான். தாடியில் பனி. காப்பா அவனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"நாளைக்கு ரெண்டு மணி. வழக்கம்போல."

அவன் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, "வர்றேன், கபித்தோலீனா அர்ஹிப்போவ்னா" என்றான்.

"பாத்தியா?" என்று என்னிடம் கண்ணைக் காட்டினாள்.

புதன்கிழமை எங்களுக்குக் காலை ஷிஃப்ட். ஒரு மணிக்கு வண்டியை விட்டுவிட்டு நானும் அவளும் அவள் வீட்டுக்குப் போனோம். மாவு காலையிலேயே கரைத்து வைத்திருந்தாள். அது பொங்கிப் பாத்திர விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. அவள் அடுப்பின் முன்னால் நின்றால் பக்கத்தில் யாரும் போகக்கூடாது. ஒரு கரண்டி, ஒரு சுழற்று, ஒரு திருப்பு. தட்டில் அடுக்கு ஏறிக்கொண்டே போயிற்று. புளித்த பாலேடு, தேன், காளான், உப்பு மீன் எல்லாம் மேசைக்கு வந்துவிட்டன. ஜன்னல் வழியே பார்த்தால் சதுக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை எரிக்கப்போகிற வைக்கோல் பொம்மையை நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

சரியாக இரண்டு மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. காப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் என்னவென்று சொல்வேன். ஜெயித்துவிட்டாள்.

மத்வேய் உட்கார்ந்தான். முதல் பிளினியைச் சாப்பிட்டான். இரண்டாவதைச் சாப்பிட்டான். மூன்றாவதை மடித்தான், விரித்தான், மறுபடி மடித்தான். நாலாவதில் அவன் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. நான் மனசுக்குள், அடப்பாவி, என்று நினைத்துக்கொண்டேன். காப்பா தேனை அவன் பக்கம் நகர்த்தப் போனவள் அப்படியே நின்றாள். அவன் தாடியில், வலது பக்கம், ஒரு சிவப்பு மீன்முட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் மேசையில் மீன்முட்டை கிடையாது. அது பணக்கார மேசையில் வைப்பது, அல்லது முதல் வருஷ மாப்பிள்ளைக்கு வைப்பது.

"அங்க எத்தனை சாப்ட்ட?" என்றாள் காப்பா.

அவன் பொய் சொல்லத் தெரியாதவன். "பதினெட்டு."

"எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டுக்கு. ரெண்டு பேருக்கும் வர்றேன்னு சொல்லிட்டேன். ரெண்டு பேர் வீட்டுக்கும் வரணும்னு..."

"அப்ப நான் மிச்சம்" என்றாள். "அங்க முழு விருந்து. இங்க வந்து வாய் தொடைச்சுட்டுப் போறதுக்கு ஒரு வீடு."

"அப்படி இல்லங்க."

"எப்படி இல்ல? வண்டி பூரா சொல்லி வெச்சிருக்கேன். நாளைக்கு அந்தக் கணக்கு வாத்தியாரம்மா ஏறி வந்து என் மூஞ்சியில சிரிப்பா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். கோபத்தில் அவளுக்கு முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் அவள் கையைப் பிடித்தேன், உதறிவிட்டாள். "யாருக்கும் முழுசா இருக்கத் தெரியாத ஆளு நீ. ரிம்மா உன்னை விட்டுட்டுப் போனதுல தப்பே இல்ல."

 கல்லில் கடைசிப் பிளினி கருகிக்கொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை. மத்வேய் கைத்துணியை நாலாக மடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். எழுந்தான். "நல்லா இருந்துச்சு. ரொம்ப நன்றி" என்றான். தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். கதவைச் சாத்தும்போதுகூடச் சத்தம் வரவில்லை.

"உனக்குப் புத்தி இருக்கா?" என்றேன் நான். "உன் மகளாவது விவாகரத்தைத் தபால்ல அனுப்பினா. நீ மூஞ்சிக்கு நேரா அனுப்பிட்ட."

"சும்மா இரு."

"எதுக்கு இருக்கணும்? அவன் ரெண்டு மேசைல உக்காந்தது உன்னை விடமுடியாமத்தான்டி. வேற எவனாவது இருந்தா ஒரு போன் பண்ணி, வரமுடியாதுன்னு சொல்லிட்டு வீட்ல படுத்திருப்பான்."

அவள் கருகின பிளினியைக் கல்லோடு சேர்த்துத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். நான் கிளம்பிவிட்டேன். அவள் நல்லவள்தான், ஆனால் அன்றைக்கு அவளை எனக்குப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை ஊரே தெருவில். பனிச்சறுக்கு மேட்டில் பிள்ளைகள், சதுக்கத்தில் மேல்சட்டை இல்லாமல் வழுக்குக் கம்பம் ஏறுகிற பையன்கள், எங்கும் வெண்ணெய் வாசனை. காப்பா டிக்கெட் கொடுத்தாள், ஸ்டாப் பெயர் சொன்னாள், வேறு ஒன்றும் பேசவில்லை. ஒருத்தன் டிக்கெட் எடுக்காமல் மூன்று ஸ்டாப் போனான், அவள் பார்க்கவே இல்லை. "அத்தைக்கு உடம்பு சரியில்லையா?" என்று கிழவர்கள் என்னைக் கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை புதன்கிழமைக்கு நேர் எதிர். அன்று மாப்பிள்ளை தன் வீட்டில் விருந்து வைத்து மாமியாரைக் கூப்பிடுவான். முந்தின நாள் சாயங்காலம் அவனே நேரில் வந்து அழைக்கவேண்டும். அழைப்பு வந்ததும் மாமியார் தன் பிளினிக் கல்லையும் கரண்டியையும் அந்த வீட்டுக்கு முன்கூட்டியே கொடுத்தனுப்பவேண்டும். அந்தக் கல்லில் சுட்டதைத்தான் அவளுக்குப் பரிமாறுவார்கள். அழைப்பு வராத மாமியார் கல் அனுப்பமுடியாது. போன வருஷம் வரைக்கும் மத்வேய் தனியாளாக இருந்தும்கூட வியாழக்கிழமை ஆறு மணிக்கு வந்து கூப்பிடுவான்.

அன்று ஷிஃப்ட் முடிந்ததும் காப்பா நேரே வீட்டுக்குப் போனாள். நானும் போனேன், அவளைத் தனியாக விட மனசு வரவில்லை. ஆறு மணி ஆயிற்று. ஏழு ஆயிற்று.

"வருவான்" என்றாள் ஒரு தடவை.

"அந்தப் பேச்சுக்கு அப்புறமா?" என்றேன்.

 எட்டு மணிக்கு நான் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டேன். அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். தீயணைப்புக் கோபுர ஸ்டாப்பில் உலியானா ஏறினாள். நான் கண்ணாடியில் பார்த்தேன். நேரே நடந்து காப்பாவின் முன்னால் வந்து நின்றாள். வண்டியில் முப்பது பேராவது இருந்தார்கள்.

"கபித்தோலீனா அர்ஹிப்போவ்னா, உங்க கல்லைக் குடுங்க" என்றாள்.

"முதல்ல டிக்கெட் எடு" என்றாள் காப்பா. பழக்கதோஷம்.

உலியானா டிக்கெட் எடுத்தாள். "இப்பக் குடுங்க."

"உங்கம்மா குடுத்திருப்பாங்களே."

"குடுத்துட்டாங்க. நேத்தே வந்துடுச்சு. எங்க அடுப்புல ரெண்டு பர்னர். ஒண்ணுல எங்கம்மா கல்லு. இன்னொண்ணு காலியா இருக்கு."

காப்பா மோவாயை உயர்த்தினாள். "கூப்பிட வேண்டியது மாப்பிள்ளை. அவன் அனுப்பினானா உன்னை?"

"இல்ல. அவருக்குத் தெரியாது."

"அப்ப எதுக்கு வந்த?"

"புதன்கிழமை சாயங்காலத்துலேருந்து எங்க வீட்ல ஒருத்தர் வாயைத் திறக்கல. வழக்கமாவே அவர் பேசறது நாளைக்கு நாலு வார்த்தை. இப்ப அதுவும் நின்னுபோச்சு. நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்குத் தெரியாது. அவரும் சொல்லல, நானும் கேக்கமாட்டேன். நேத்து ஆறு மணிக்குக் கோட்டு போட்டுக்கிட்டு நடையில நின்னாரு. அரை மணி நேரம் நின்னாரு. அப்புறம் கோட்டைக் கழட்டிட்டாரு." உலியானா கையுறையைக் கழற்றிக் கையை நீட்டினாள், கல்லை அங்கேயே வாங்கிப் போகிற மாதிரி. "நான் பேசாத மாட்டோட வேலை பாக்கறவ. எங்க வலிக்குதுன்னு தொட்டுப் பாத்தே கண்டுபிடிச்சுருவேன். நீங்க இல்லாம இந்த வெள்ளிக்கிழமை நடக்காது."

 காப்பாவின் கண்ணில் தண்ணீர் வந்து நான் பார்த்ததில்லை, அன்றும் வரவில்லை. ஆனால் தோளில் மாட்டியிருந்த டிக்கெட் பையின் வாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவள் வீடு இரண்டு ஸ்டாப் தள்ளி, சாலை ஓரத்திலேயே. "ஆல்யா" என்றாள், "தோல்பதனிடும் தெரு ஸ்டாப்புல கொஞ்சம் நிறுத்து."

"ஸ்டாப்புன்னா நிறுத்தித்தானே ஆகணும்" என்றேன்.

"கொஞ்சம் அதிகமா நிறுத்து."

நிறுத்தினேன். எனக்குப் பின்னால் இன்னொரு டிராலிபஸ் வந்து நின்று மணி அடித்தது. அடிக்கட்டும், எல்லா வண்டியும் ஓடுவது மேலே போகிற ஒரே மின்கம்பியில், என்னைத் தாண்டிப் போகமுடியாது. அறுபத்தோரு வயசுக்காரி பனியில் வழுக்கிக்கொண்டு ஓடினாள். நாலு நிமிஷம். வண்டியில் ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. "கரண்டியையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, மறந்துடப்போறா" என்று ஒரு கிழவர் மட்டும் சொன்னார். அவள் மறக்கவில்லை. வார்ப்பிரும்புக் கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஏறினாள். உலியானாவின் கையில் வைத்தாள்.

"சோப்புப் போட்டுக் கழுவின, கொன்னுருவேன்."

"கழுவமாட்டேன்" என்றாள் உலியானா.

மாமியார் விருந்துக்குத் தனியாகப் போகமாட்டாள். கூட ஒரு சிநேகிதியைக் கூட்டிப் போகவேண்டும். ஐந்தரை மணிக்கு என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். பூப்போட்ட புதுச் சால்வை, உதட்டில் சாயம். பாதி வழி வரைக்கும் வாய் ஓயாமல் பேசினாள், கல்லைப் பற்றி, மாவைப் பற்றி, நினேல் பாவ்லொவ்னா எப்படிக் கரண்டி பிடிப்பாள் என்று. அவன் தெருவுக்குள் திரும்பினதும் பேச்சு நின்றுவிட்டது.

"ஆல்யா, அவன் கதவைத் திறந்து என்னைப் பாத்ததும் திருப்பி அனுப்பிட்டா?"

அந்தக் கேள்வியை அவள் வாயிலிருந்து நான் எதிர்பார்க்கவே இல்லை. "அனுப்பமாட்டான்" என்றேன். "இன்னிக்கு எதையும் கிளறாத. சாப்பிடு, சிரி, வா. ஞாயித்துக்கிழமை வருதில்ல, அப்ப மன்னிப்புக் கேட்டுக்கோ. ஊரே கேக்கும், உனக்கும் சுலபமா இருக்கும்."

தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு எங்களுக்கு மன்னிப்பு ஞாயிறு. அன்றைக்குக் குனிந்து, "கிறிஸ்துவுக்காக என்னை மன்னிச்சிடு" என்றால், எதிரில் இருப்பவர், "கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறேன்" என்று சொல்லியே ஆகவேண்டும். வருஷம் முழுக்கச் சேர்ந்த அழுக்கு அன்றோடு தீர்ந்தது. மன்னிப்புக் கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்காகவே வைத்த நாள்.

"ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு" என்றாள் காப்பா.

மூன்றாம் மாடி. மணியை அவளே அடித்தாள். மத்வேய் திறந்தான். உள்ளே இரண்டு கல்லிலும் மாவு சீறுகிற சத்தம். அவன் காப்பாவைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள். அவள் வாசலுக்கு வெளியே நின்றபடியே பேச வாயைத் திறந்தாள்.

"வாசப்படில நின்னு பேசக்கூடாது" என்றான் அவன். "சண்டை வரும். உள்ள வாங்க."

இரண்டு நாளில் அவன் பேசின முதல் பேச்சு அதுதான் என்று உலியானா பிற்பாடு சொன்னாள். காப்பா உள்ளே காலெடுத்து வைத்தாள். கோட்டைக் கழற்றவில்லை, பூட்ஸைக் கழற்றவில்லை. சமையலறைக் கதவில் நினேல் பாவ்லொவ்னா கரண்டியோடு நின்றிருந்தாள், அவளுக்குப் பின்னால் உலியானா. காப்பா அவர்களைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, நல்லது, எல்லாரும் கேக்கட்டும் என்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டாள்.

"மத்வேய், நான் புதன்கிழமை சொன்னது பொய்" என்றாள். "ரிம்மா பண்ணினது தப்பு. அன்னிக்கே எனக்குத் தெரியும், இன்னிக்கும் தெரியும். எங்க வலிக்கும்னு தெரிஞ்சே சொன்னேன். எனக்கு உன்னை விட்டா யாரும் இல்ல. ஒரு புதன்கிழமை போனா நீயே போயிடுவேன்னு பயந்துட்டேன்." பிறகு முப்பத்தோரு வருஷம் எவனுக்கும் குனியாத அந்த முதுகைக் குனிந்து, கை தரையைத் தொடும்படி வணங்கினாள். "கிறிஸ்துவுக்காக என்னை மன்னிச்சிடு."

அவள் நிமிர்ந்தாள்.  ஒரு கல்லில் பிளினி கருகத் தொடங்கியது. நினேல் பாவ்லொவ்னா திரும்பவே இல்லை.  சொல்லுடா மத்வேய், என்று மனசுக்குள் கெஞ்சினேன், நாலு வார்த்தைதானே, சொல்லு.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை" என்றான் அவன்.

காப்பாவின் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது.

"வெள்ளிக்கிழமை கேட்டா செல்லாது" என்றான் மத்வேய். "ஞாயித்துக்கிழமை வாங்க. வந்து கேளுங்க, அன்னிக்குத்தான் பதில் சொல்லமுடியும்." கொஞ்சம் யோசித்தான். "அதுக்கப்புறம் அடுத்த ஞாயித்துக்கிழமையும் வாங்க. எல்லா ஞாயித்துக்கிழமையும் வாங்க."

காப்பா குனிந்து பூட்ஸ் ஜிப்பைத் தேடினாள். கண் நிறையத் தண்ணீர், ஜிப் கைக்குக் கிடைக்கவில்லை. மத்வேய் தரையில் உட்கார்ந்து கழற்றிவிட்டான்.